விசைப்பலகையும் சுட்டியும் முரண்படும்போது

மேசைக் கணனி எவ்வளவு பெரிய வேலையைச் செய்யக்கூடியதாக இருந்தாலும், மனிதன் சொல்வதை அது கேட்பதற்குப் பெரும்பாலும் இரண்டு வாயில்களே உள்ளன. ஒன்று கீபோர்ட் எனப்படும் விசைப்பலகை. மற்றையது மவுஸ் எனப்படும் சுட்டி. இவ்விரண்டும் ஒழுங்காக இயங்கும்வரை அவற்றை எவரும் நினைப்பதில்லை. ஒன்று மக்கர் பண்ணத் தொடங்கினால் கணனிக்குள் உள்ள அனைத்தும் பூட்டிய பெட்டிக்குள் கிடக்கும் பொருள் போலாகிவிடும்.

ஒரு வீட்டுக் கணனியை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். உயர்தர வகுப்பில் படிக்கும் பிள்ளையின் குறிப்புக்கள் அதில் உள்ளன. வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு எழுதிய கடிதங்கள் உள்ளன. இடப்பெயர்வுகளின்போது கையோடு கொண்டுவரப்பட்ட சில பழைய புகைப்படங்களின் ஸ்கான் பிரதிகளும் உள்ளன. மூலப் படங்கள் ஈரம் பட்டு அழிந்துவிட்டன. ஒருநாள் மாலை சுட்டி வழமைக்கு மாறாக நடக்கத் தொடங்குகிறது. நடுச் சக்கரத்தை உருட்டினால் பக்கம் மேலும் கீழும் நகரவில்லை. எழுத்துக்கள் பெரிதாகின்றன, பின்பு சிறிதாகின்றன. ஒரு கோப்பின் மீது அழுத்தினால் முன்னர் தெரிவு செய்த கோப்பும் விடுபடாமல் சேர்ந்து நிற்கிறது. வீட்டார் புதிய சுட்டி வாங்கிப் பொருத்துகின்றனர். மாற்றம் எதுவும் இல்லை. வைரஸ் புகுந்துவிட்டது என்கிறார் ஒருவர். வன்தட்டைப் 'போமட்' செய்து வின்டோஸைப் புதிதாகப் போட்டால் சரியாகும் என்கிறார் இன்னொருவர். அப்படிச் செய்தால் குறிப்புக்களும் போய்விடும், படங்களும் போய்விடும்.

உண்மையில் சுட்டியிலும் பழுதில்லை, வைரஸும் இல்லை. சில நாட்களுக்கு முன் சிந்திய சீனித் தேநீர் காய்ந்து, விசைப்பலகையின் இடது பக்கக் கொன்ட்ரோல் விசை கீழே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கொன்ட்ரோல் விசையை அழுத்தியபடி சக்கரத்தை உருட்டினால் பக்கத்தின் அளவு மாறும் என்பதும், அழுத்தியபடி தெரிவு செய்தால் பல கோப்புக்கள் ஒன்றாகத் தெரிவாகும் என்பதும் கணனியின் விதி. அந்த விதிப்படியே கணனி நடந்திருக்கிறது. பழுது ஒரு கருவியில் இருக்க, அறிகுறி மற்றைய கருவியில் தோன்றியிருக்கிறது.

விசைப்பலகை, சுட்டி தொடர்பான சிக்கல்களை அணுகுவதற்கு இதுவே அடிப்படைப் பாடமாகும். அறிகுறி தோன்றும் இடமே பழுதுள்ள இடம் என்று முடிவு செய்யக்கூடாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்து பார்க்க வேண்டும். பணம் செலவழிப்பதும் கோப்புக்களை அழிப்பதும் இவற்றுக்குப் பின்னரே வரவேண்டியவை.

இரு கருவிகளும் வந்த வழி

இவ்விரு கருவிகளும் ஒரே காலத்தில் பிறந்தவையல்ல. விசைப்பலகையின் மூதாதை தட்டச்சுப் பொறி. அமெரிக்கரான கிறிஸ்தோபர் லேதம் ஷோல்ஸும் அவரது நண்பர்களும் 1868 ஆம் ஆண்டில் தமது தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றனர். 1874 ஆம் ஆண்டில் ரெமிங்டன் நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய ஆங்கில விசைப்பலகையின் எழுத்து ஒழுங்கு பெருமளவு அங்கிருந்தே வருகிறது.

சுட்டி அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இளையது. கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் கருத்தைத் தர, பில் இங்கிலிஷ் என்பவர் 1964 ஆம் ஆண்டில் முதலாவது மாதிரியைச் செய்தார். அது மரத்தாலான சிறு பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்களும் மேலே ஒரு பொத்தானும் இருந்தன. 1968 டிசெம்பர் 9 ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரில் எங்கல்பார்ட் அதனைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார்.

வெவ்வேறு காலத்தில் பிறந்த இவ்விரண்டையும் ஒரே கணனிக்குள் இணைத்தபோது, இரண்டும் அனுப்பும் செய்திகளுக்குக் கணனி இடம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. முரண்பாடுகளின் தொடக்கமும் அங்கேதான்.

பழைய கணனிகளில் முரண்பாடு

ஒரு விசையை அழுத்தியதும் கணனி தான் செய்துகொண்டிருக்கும் வேலையை ஒரு கணம் நிறுத்தி அதனைக் கவனிக்க வேண்டும். இதற்காக ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அழைப்புக் கம்பி இருந்தது. ஐ.ஆர்.கியூ. என்று அதனை அழைப்பர். ஒரு வீட்டில் முன் வாசலுக்கு ஒரு மணியும் பின் வாசலுக்கு வேறொரு மணியும் வைத்திருப்பதைப் போன்றது இது. எந்த மணி ஒலிக்கிறது என்பதைக் கொண்டு எந்த வாசலில் ஆள் நிற்கிறார் என்று அறியலாம். அக்காலக் கணனிகளில் 0 முதல் 15 வரை பதினாறு கம்பிகளே இருந்தன. அவற்றில் 1 விசைப்பலகைக்கு உரியது. பி.எஸ்/2 வகைச் சுட்டிக்கு 12 உரியது.

அதற்கும் முந்திய வகைச் சுட்டிகள் கொம் எனப்படும் தொடர் துளையில் பொருத்தப்பட்டன. கொம் 1, கொம் 3 ஆகிய இரண்டும் வழமையாக 4 ஆம் கம்பியையே பயன்படுத்தின. கொம் 2, கொம் 4 ஆகிய இரண்டும் 3 ஆம் கம்பியைப் பயன்படுத்தின. கொம் 1 இல் சுட்டியையும் கொம் 3 இல் இணையத்துக்கான மொடெமையும் வைத்திருந்தோர், இணையத்தில் இணைந்த கணமே சுட்டி அசையாமல் நிற்பதைக் கண்டனர். இரண்டு வாசலுக்கும் ஒரே மணி இருந்ததே காரணம். மொடெமை வேறு கம்பிக்கு மாற்றியதும் இரண்டும் இயங்கின. 1995 ஆம் ஆண்டில் வந்த வின்டோஸ் 95 இத்தகைய ஒதுக்கீடுகளைத் தானாகவே செய்ய முற்பட்டது. காலப்போக்கில் இவ்வகை முரண்பாடு அருகியது.

1987 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய பி.எஸ்/2 வகைத் துளை வட்டமானது. ஆறு ஊசிகள் கொண்ட செருகி அதற்குள் பொருந்தும். விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் துளை ஒரே வடிவமாக இருப்பதால் மாறிச் செருகிவிட இடமுண்டு. அதனைத் தவிர்ப்பதற்காகவே பின்னர் விசைப்பலகைத் துளைக்கு ஊதா நிறமும் சுட்டித் துளைக்குப் பச்சை நிறமும் வழங்கப்பட்டன. பாதி ஊதாவும் பாதி பச்சையுமான ஒரேயொரு துளை இருந்தால் அது இரண்டில் எதையும் ஏற்கும்.

பி.எஸ்/2 தொடர்பாக மூன்று விடயங்களை மறக்கக்கூடாது. முதலாவது, கணனி இயங்கிக்கொண்டிருக்கும்போது இச்செருகியைக் கழற்றுவதோ பொருத்துவதோ ஆகாது. இத்துளை அதற்கென அமைக்கப்பட்டதல்ல. சில பழைய தாய்ப்பலகைகளில் இத்துளைகளுக்கு மின் வழங்கும் சிறு பியூஸ் எரிந்து, இரண்டு கருவிகளும் ஒன்றாக இயங்காமற்போகும். இரண்டாவது, தொடக்கத்தில் பொருத்தியிராத கருவியை இடையில் பொருத்தினால் கணனி பெரும்பாலும் அதனை அறியாது. அணைத்துவிட்டுப் பொருத்தி, மீண்டும் இயக்க வேண்டும். மூன்றாவது, இரண்டு துளைகளையும் கவனிப்பது பெரும்பாலும் ஒரே கட்டுப்பாட்டுச் சில்லு. ஆகவே பழுதான சுட்டி ஒன்று விசைப்பலகையையும் முடக்கக்கூடும். விசைப்பலகை இறந்துவிட்டதென எண்ணுமுன், கணனியை அணைத்து, சுட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, விசைப்பலகையை மட்டும் பொருத்தி இயக்கிப் பார்ப்பது நன்று.

யு.எஸ்.பி. வந்த பின்னர்

யு.எஸ்.பி. முறையின் முதற் பதிப்பு 1996 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதில் கருவிகள் மணி அடிப்பதில்லை. கணனியே ஒவ்வொரு கருவியிடமும் குறித்த இடைவெளியில் சென்று 'ஏதாவது செய்தி உண்டா' என்று கேட்கிறது. சாதாரண சுட்டி ஒன்றிடம் ஏறத்தாழ ஒரு விநாடிக்கு 125 தடவை இவ்வாறு கேட்கப்படுகிறது. ஆகவே பழைய மணிச் சண்டை இங்கே இல்லை. கணனி இயங்கும்போதே பொருத்தவும் கழற்றவும் முடியும்.

எனினும் வேறு வகைச் சிக்கல்கள் வந்தன. அவற்றில் முக்கியமானது மின்வலு. சாதாரண யு.எஸ்.பி. 2.0 துளை ஒன்று 500 மில்லி அம்பியர் மின்னோட்டத்தையே வழங்கும். ஒரு துளையில் ஹப் ஒன்றைப் பொருத்தி, அதில் விசைப்பலகை, சுட்டி, வெளி வன்தட்டு, கைத்தொலைபேசி ஆகிய அனைத்தையும் தொங்கவிட்டால் மின் போதாமல் கருவிகள் விட்டுவிட்டு இயங்கும். விசைப்பலகையையும் சுட்டியையும் கணனியின் பின்புறத் துளைகளில் நேராகப் பொருத்துவதே சிறந்தது. மற்றையவற்றுக்கு ஹப்பைப் பயன்படுத்தலாம்.

மின்சாரத்தைச் சேமிப்பதற்காக, பயன்படாதிருக்கும் யு.எஸ்.பி. துளையை வின்டோஸ் உறங்கவைப்பதும் உண்டு. சிறிது நேரம் கணனியைத் தொடாமல் விட்டு வந்தபின் சுட்டி அசையாதிருந்து, கழற்றிப் பொருத்தியதும் இயங்கினால் இக்காரணத்தைச் சந்தேகிக்கலாம். டிவைஸ் மனேஜர் பகுதியில் யு.எஸ்.பி. ஹப்பின் மின்வலுத் தாளில் உள்ள அனுமதியை நீக்கிவிட்டால் சரியாகும்.

இன்னொன்று, கணனி தொடங்கும் வேளையில் மட்டும் விசைப்பலகை இயங்காதிருப்பது. வின்டோஸ் ஏறுவதற்கு முன்னர் கணனியை நடத்துவது பயோஸ் என்னும் அடிப்படை மென்பொருள். அதில் யு.எஸ்.பி. லெகசி என்ற ஏற்பாடு நிறுத்தப்பட்டிருந்தால் யு.எஸ்.பி. விசைப்பலகை அவ்வேளையில் கேட்காது. வின்டோஸ் ஏறியதும் இயங்கும். பழைய கணனிகளில் பி.எஸ்/2 விசைப்பலகை ஒன்றைக் கடனாகப் பொருத்தி உள்ளே சென்று அந்த ஏற்பாட்டை மாற்றலாம்.

கம்பியற்ற கருவிகள்

கம்பியற்ற விசைப்பலகைகளும் சுட்டிகளும் பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. வை-பை, புளூடூத் ஆகியனவும் அதே வரிசையைப் பயன்படுத்துகின்றன. யு.எஸ்.பி. 3.0 கருவிகளும் அவற்றின் வயர்களும் இதே அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்குகின்றன என்பதை இன்டெல் நிறுவனம் 2012 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை ஒன்றில் விளக்கியது. வேகமான வெளி வன்தட்டைப் பொருத்தியதும் கம்பியற்ற சுட்டி தடுமாறுவது இதனால்தான். யு.எஸ்.பி. 3.0 துளைகளின் உட்பகுதி பெரும்பாலும் நீல நிறமாக இருக்கும். சுட்டியின் சிறிய ரிசீவரை அதற்கு அருகில் பொருத்தாமல், ஒரு நீட்டு வயரின் உதவியுடன் மேசைமேல் சுட்டிக்கு அருகில் வைத்தால் தடுமாற்றம் பெரும்பாலும் நீங்கிவிடும். அதற்கு முன்னர் பற்றரியை மாற்றிப் பார்க்க வேண்டும். பற்றரி நலிந்தாலும் இதே அறிகுறிதான் தோன்றும்.

பழுதல்லாத பழுதுகள்

பழுது என்று கொண்டுவரப்படும் சில, பழுதே அல்ல. அங்கவீனமுற்றோரின் வசதிக்காக வின்டோஸில் வைக்கப்பட்டுள்ள ஏற்பாடுகள் தவறுதலாக இயங்கத் தொடங்கியதே காரணமாக இருக்கும்.

1. வலது பக்க ஷிப்ட் விசையை 8 விநாடிகள் அழுத்திப் பிடித்தால் பில்ரர் கீஸ் என்னும் ஏற்பாட்டுக்கான வினா திரையில் தோன்றும். பார்க்காமல் ஆம் என்று கொடுத்துவிட்டால், அதன்பின் மெல்லத் தட்டும் விசைகளைக் கணனி ஏற்காது. விசைப்பலகை இறந்துவிட்டது போலத் தோன்றும். விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் எழுத்து வருமாயின் காரணம் இதுவே. வலது ஷிப்டை மீண்டும் 8 விநாடிகள் அழுத்தினால் நீங்கும்.

2. ஷிப்ட் விசையை ஐந்து தடவை தொடர்ந்து தட்டினால் ஸ்ரிக்கி கீஸ் தோன்றும். அது இயங்கினால் ஷிப்ட், கொன்ட்ரோல், அல்ட் ஆகிய விசைகள் ஒருமுறை தட்டியதும் அடுத்த விசை வரும்வரை அழுத்தப்பட்டனவாகவே கருதப்படும்.

3. இடது அல்ட், இடது ஷிப்ட், நம் லொக் ஆகிய மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் மவுஸ் கீஸ் தோன்றும். அது இயங்கினால் வலது புற எண் விசைகள் இலக்கங்களைத் தராமல் திரையிலுள்ள அம்புக்குறியை நகர்த்தும். கணக்கு எழுதுபவருக்கு இது விசைப்பலகைப் பழுதாகவும், அருகிலிருந்து பார்ப்பவருக்குச் சுட்டிப் பழுதாகவும் தோன்றும். இரண்டும் அல்ல.

எழுத்துக்கள் மாறி விழுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஷிப்டுடன் 2 ஐ அழுத்தும்போது மின்னஞ்சல் முகவரிக்குரிய சுழிக் குறி வராமல் இரட்டை மேற்கோள் வந்தால், விசைப்பலகை அமெரிக்க அமைப்பிலிருந்து பிரித்தானிய அமைப்புக்கு மாறிவிட்டது என்பதே பொருள். மொழி ஏற்பாட்டில் அதனை மாற்றிக்கொள்ளலாம்.

தமிழில் தட்டச்சுச் செய்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாமினி போன்ற எழுத்துருவில் எழுதும்போது கணனி ஆங்கில எழுத்துக்களையே பெற்றுக்கொள்கிறது. எழுத்துரு மட்டுமே அவற்றைத் தமிழ் வடிவில் காட்டுகிறது. எழுத்துரு மாறினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள் தெரியும். எழுதியது அழிந்துவிடவில்லை. எழுத்துருவை மீளத் தெரிவு செய்தால் தமிழ் திரும்பிவரும். யுனிகோட் முறையில் எழுதுவதற்கு இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர், கீமன் முதலிய மென்பொருட்கள் உள்ளன. வின்டோஸிலும் தமிழ் விசைப்பலகை அமைப்பு உண்டு. இவற்றுள் இரண்டு ஒரே நேரத்தில் இயங்கினால், அழுத்திய ஒரே விசையை இரண்டும் மாற்ற முற்படும். எழுத்துக்கள் இரட்டிப்பாகவோ தவறாகவோ விழும். ஒன்றை நிறுத்திவிட்டு மற்றையதை மட்டும் வைத்துக்கொள்வதே பரிகாரம்.

ஒட்டிய விசைகள்

விசைப்பலகை ஒரு விசைக்கு இரண்டு செய்திகளை அனுப்புகிறது. விசை கீழே சென்றது என்பது ஒன்று. விசை மேலே வந்தது என்பது மற்றொன்று. இரண்டாவது செய்தி வராவிட்டால் அவ்விசை இன்னும் அழுத்தப்பட்டிருப்பதாகவே கணனி நம்பும். கொன்ட்ரோல் ஒட்டினால் சுட்டிச் சக்கரம் எழுத்தைப் பெருப்பிக்கும். அல்ட் ஒட்டினால், ஒரு கோப்பை இருமுறை அழுத்தும்போது கோப்பு திறக்காமல் அதன் விபரத் தாள் திறக்கும். ஷிப்ட் ஒட்டினால் ஒரு கோப்புக்குப் பதிலாக ஒரு வரிசை முழுவதும் தெரிவாகும். சுட்டியைக் குறைகூறுமுன் இம்மூன்று விசைகளையும் பார்க்க வேண்டும்.

விசை உண்மையில் ஒட்டாமலும் இது நிகழலாம். கம்பியற்ற விசைப்பலகையின் 'மேலே வந்தது' என்ற செய்தி வழியில் தவறிவிட்டால் போதும். ஆகவே முதலில் இரு பக்கங்களிலும் உள்ள கொன்ட்ரோல், அல்ட், ஷிப்ட் விசைகளை ஒவ்வொன்றாக ஒருமுறை அழுத்திவிட வேண்டும். பல வேளைகளில் அத்துடன் சிக்கல் தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் கணனியை அணைத்து, விசைப்பலகையைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்து மெல்லத் தட்ட வேண்டும். உணவுத் துகள்களும் தூசியும், சில வேளைகளில் எறும்புகளும் விழும். ஒட்டிய விசையின் ஓரத்தை ஐசோபுரொப்பைல் மதுசாரம் தோய்த்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின்னரே பொருத்த வேண்டும். தேநீர் சிந்திய உடனேயே கழற்றிக் கவிழ்த்து வைத்தால் பெரும்பாலும் விசைப்பலகை தப்பிவிடும்.

சுட்டிக்குரிய பழுதுகளும் சில உண்டு. ஒருமுறை அழுத்தினால் இருமுறை அழுத்தியதாகக் கொள்வது உள்ளிருக்கும் சிறு ஆளி தேய்ந்ததன் அடையாளம். ஒளியால் இயங்கும் சுட்டி கண்ணாடி மேசையில் தடுமாறும். அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

பழுது காணும் படிமுறை

பின்வரும் ஒழுங்கை மாற்றாமல் செய்வது நன்று.

முதலாவது படி, செய்த வேலையைச் சேமித்தல். சுட்டி இயங்காவிட்டால் கொன்ட்ரோலுடன் எஸ் விசையை அழுத்திச் சேமிக்கலாம். அல்டுடன் எப்-4 அழுத்தி மென்பொருளை மூடலாம். விசைப்பலகை இயங்காவிட்டால் திரை விசைப்பலகையைச் சுட்டியால் திறந்து எழுதலாம். உள்நுழையும் திரையின் மூலையிலும் அதற்குரிய குறி உண்டு. மின் ஆளியைத் திடீரென நிறுத்துவது இறுதி வழியாகவே இருக்க வேண்டும்.

இரண்டாவது படி, கேப்ஸ் லொக் விளக்கைப் பார்த்தல். விளக்குள்ள விசைப்பலகையில் அதனை எரிப்பதும் அணைப்பதும் பெரும்பாலும் கணனியே. விசையை அழுத்த விளக்கு மாறினால், விசைப்பலகையின் செய்தி கணனிக்குச் சென்று பதிலும் திரும்பி வருகிறது. அப்போது பழுது மென்பொருளிலோ ஏற்பாட்டிலோ இருக்கும். மாறாவிட்டால் விசைப்பலகை, வயர், துளை ஆகியவற்றில் பழுது இருக்கலாம், அல்லது கணனியே உறைந்து நிற்கலாம்.

மூன்றாவது படி, இரண்டையும் பிரித்தல். சுட்டியைக் கழற்றி விசைப்பலகையை மட்டும் வைத்துப் பார்க்க வேண்டும். பின்னர் விசைப்பலகையைக் கழற்றிச் சுட்டியை மட்டும் வைத்துப் பார்க்க வேண்டும். பி.எஸ்/2 வகையாயின் ஒவ்வொரு முறையும் கணனியை அணைக்க வேண்டும். மேலே சொன்ன கொன்ட்ரோல் விசைப் பழுது இந்தப் படியிலேயே வெளிப்பட்டுவிடும். விசைப்பலகையைக் கழற்றிய உடனே சுட்டி ஒழுங்காகிவிடும்.

நான்காவது படி, இடம் மாற்றுதல். வேறு துளையில் பொருத்திப் பார்க்க வேண்டும். பின்னர் அயல்வீட்டுக் கணனியில் பொருத்திப் பார்க்க வேண்டும். அங்கும் இயங்காவிட்டால் கருவியே பழுது. புதியது வாங்குவதற்கு இப்போதுதான் நியாயம் உண்டு.

ஐந்தாவது படி, வின்டோஸுக்கு வெளியே பார்த்தல். கணனி தொடங்கும்போது டிலீட் அல்லது எப்-2 விசையை அழுத்திப் பயோஸ் திரைக்குள் செல்ல முடிந்தால் விசைப்பலகையும் துளையும் நலமாக உள்ளன. பழுது வின்டோஸில் இருக்கிறது. அவசியமான மென்பொருட்களை மட்டும் ஏற்றும் சேஃப் மோட் முறையில் இயக்கிப் பார்க்கலாம். அங்கு ஒழுங்காக இயங்கினால், பின்னர் சேர்க்கப்பட்ட ஏதோவொரு மென்பொருளே முரண்படுகிறது. அண்மையில் நிறுவியதை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்க வேண்டும்.

ஆறாவது படி, டிவைஸ் மனேஜரைப் பார்த்தல். கருவிகளை நடத்தும் ட்ரைவர் மென்பொருளின் நிலையை இது காட்டும். மஞ்சள் நிற வியப்புக்குறி இருந்தால் அக்கருவியைத் திறந்து இலக்கத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 10 என்றால் கருவி தொடங்க முடியவில்லை. 12 என்றால் ஒதுக்குவதற்குப் போதிய வளம் இல்லை. 19 என்றால் ரெஜிஸ்ட்ரியிலுள்ள விபரம் சிதைந்துவிட்டது. 39 என்றால் ட்ரைவர் சிதைந்துள்ளது அல்லது காணாமற்போயுள்ளது. கருவியை அங்கே நீக்கிவிட்டுக் கணனியை மீள இயக்கினால் வின்டோஸ் மீண்டும் அதனைக் கண்டறிந்து நிறுவும். விசைப்பலகையையும் சுட்டியையும் ஒரே வேளையில் நீக்குவது மட்டும் கூடாது. அவ்வாறு செய்தால் மீள இயக்குவதற்குக் கையில் எதுவும் இராது.

ரெஜிஸ்ட்ரியை நேரடியாக மாற்றும் வேலையை அனுபவமுள்ளவரிடம் விடுவதே பாதுகாப்பு. அதில் அப்பர் பில்ரர்ஸ் என்ற பதிவை நீக்கும்படி சிலர் பொதுவாகச் சொல்வதுண்டு. விசைப்பலகைக்குரிய அப்பதிவில் வின்டோஸின் சொந்த ட்ரைவரின் பெயரும் இருக்கிறது. முழுவதையும் நீக்கினால் எந்த விசைப்பலகையும் இயங்காது. நீக்கப்பட்ட மென்பொருள் விட்டுச்சென்ற மிச்சப் பெயரை மட்டுமே எடுக்க வேண்டும்.

அழிப்பதற்கு முன்

இவ்வளவும் செய்து தீராவிட்டால் வின்டோஸைப் புதிதாக நிறுவ வேண்டியும் வரலாம். அதற்கு முன்னர் கோப்புக்களை வேறொரு வன்தட்டிலோ பென் ட்ரைவிலோ பிரதி செய்து, அங்கே திறந்து பார்த்து உறுதிப்படுத்த வேண்டும். திருத்துபவர் அவசரப்பட்டாலும் உரியவர் அவசரப்படக்கூடாது. விசைப்பலகை பழுதான கணனியிலும் வன்தட்டு நலமாகவே இருக்கும். அதனைக் கழற்றி வேறொரு கணனியில் பொருத்தியும் கோப்புக்களை எடுக்கலாம்.

முதலில் சொன்ன வீட்டுக்கு மீண்டும் வந்தால், அங்கு தேவைப்பட்டது விசைப்பலகையைக் கழற்றிப் பார்க்கும் ஒரு நிமிடமும், சிறிது பஞ்சும் மதுசாரமும் மட்டுமே. போமட் செய்திருந்தால் விசை அப்போதும் ஒட்டியபடியே இருந்திருக்கும். புதிய வின்டோஸிலும் சக்கரம் எழுத்தைப் பெருப்பித்துக் கொண்டே இருந்திருக்கும். பிள்ளையின் குறிப்புக்களும் அந்தப் பழைய முகங்களும் மட்டும் இல்லாமற்போயிருக்கும்.

கருவியை மாற்றலாம், கடையில் வாங்கலாம். கடையில் வாங்க முடியாதவை கணனிக்குள் இருக்கின்றன. ஆகவே கணனி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டாரும் பழுது வரும்வரை காத்திராது, இன்றே அவற்றுக்கு ஒரு பிரதி எடுத்து வைப்பது நன்று.